மூட்டைத் துணி

எண்பத்து மூன்று வெள்ளி, நான்கு காசு. துறைமுகச் சுவர் கட்டும் குத்தகைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் இருபத்தாறாம் பக்கத்தில், மேலிருந்து மூன்றாம் வரியில் அந்தப் பாக்கி இருந்தது. வரி முடியும் இடத்தில், ஓரமாக, இரண்டு சொற்கள். "ஈடு: மனைவி."

கல் தூக்கும் கூலியாள் ஒருவனின் பாக்கி அது. கடன் அவன் வாங்கியதல்ல. அண்ணன் வாங்கியது. "சாட்சிக்கு ஒரு ரேகை வச்சிட்டுப் போடா, உனக்கென்ன கை தேஞ்சா போகுது?" என்று அண்ணன் கூப்பிட்டான். அப்போது இவனுக்கு எழுத்து தெரியாது. போய்ப் பெருவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு வந்தான். அந்த மாதமே அண்ணன் கப்பலேறிக் கம்பி நீட்டிவிட்டான். பிறகுதான் தெரிந்தது, இவன் ரேகை வைத்த இடம் சாட்சிக்கு உரியதல்ல, கடன் வாங்கியவனுக்கு உரியது என்று. மாதம் ஒரு வெள்ளி வீதம் அசலை இவன் கட்ட வேண்டும். வட்டிக்குப் பதிலாக இவன் மனைவி குத்தகைக்காரரின் வீட்டில் வேலை செய்ய வேண்டும். அசல் தீரும் நாளில் அவள் வீடு திரும்பலாம். எல்லாம் அந்தக் காகிதத்திலேயே இருந்தது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு.

குத்தகைக்காரரின் வீடு துறைமுகத்திலிருந்து இரண்டு நாள் நடை. வருடத்துக்கு ஒரு முறை போய், வாசல் கதவருகே நின்று, அரை நாழிகை அவளைப் பார்த்துவிட்டு வருவான். பேச வேண்டியதையெல்லாம் வழி நெடுக அடுக்கி வைத்துக்கொண்டு போவான். கதவருகே போனதும், "சாப்பிட்டியா?" என்பான். அவள், "சாப்பிட்டேன். நீங்க?" என்பாள். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டு விடுவார்கள்.

நடுவில் கடிதம் வரும். அவள் சொல்ல, அந்த வீட்டுச் சமையல்காரி எழுதுவாள். சந்தையில் கடிதம் எழுதிக் கொடுக்கும் கிழவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். "பாயில் என் பக்கத்தை வேறு யாருக்கும் கொடுத்து விடாதீர்கள்" என்று ஒரு முறை அவர் படித்தபோது காய்கறி விற்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கே முடிவு செய்தான். ஆறு மாதம் கிழவருக்குத் தினமும் இரண்டு குடம் தண்ணீர் சுமந்து போட்டான். கூலியாக எழுத்துக் கேட்டான்.

"எல்லாரும் இப்படிக் கத்துக்கிட்டா என் வாயில மண்ணுதான்" என்று கிழவர் அலுத்துக்கொண்டார். ஆனாலும் சொல்லிக் கொடுத்தார். முப்பத்தெட்டு வயதில், கல் தூக்கிக் காய்த்துப்போன விரலால், மணலில் எழுதிப் பழகினான். அதன் பிறகு அவள் கடிதத்தை அவன் ஒருவன்தான் படித்தான். ஒரு வரியைப் படிக்க ஒரு பொழுது ஆகும். அதுவும் நல்லதற்குத்தான். ஒரு கடிதம் ஒரு மாதம் வரும்.

துறைமுகத்தில் அப்போது அலைகளைத் தடுக்கப் பெரிய சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாய்மரக் கப்பல்களின் காலம் அது. படகில் வரும் கல் ஒவ்வொன்றும் ஒரு மாட்டுவண்டி அளவு இருக்கும். அதைத் தூக்குவதற்குக் கரையில் ஓர் உருளையைச் செங்குத்தாக நட்டிருந்தார்கள். அதில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல எட்டு மரக்கைகள். ஒரு கைக்கு ஒருவராக எட்டுப் பேர் குனிந்து தள்ளிக்கொண்டே சுற்றி வருவார்கள். கயிறு உருளையில் சுற்றிக்கொள்ளும், கல் மேலே எழும்பும். யார் எந்தக் கையைத் தள்ளுகிறானோ அதுவே அவன் பெயர். முதல் கை, மூணாங்கை, ஆறாங்கை. இவன் எட்டாங்கை.

உருளைக்குப் பின்னால் கயிற்றுக்காரர் இருப்பார். ஒவ்வொரு கல்லைத் தூக்குவதற்கு முன்னும் அவர் கயிற்றை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வெறுங்கையால் உருவிப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டுதான் உருவுவார். நைந்த இடம், உள்ளே ஈரம் கோத்து இற்ற இடம், எல்லாம் அவர் உள்ளங்கைக்குத் தெரியும். பார்த்து முடித்ததும், "கையில கண்டேன்!" என்று கத்துவார். அந்தக் குரல் கேட்காமல் எட்டுப் பேரில் ஒருவனும் காலை எடுத்து வைக்கக் கூடாது. குனிந்து தள்ளுகிறவர்களின் கண் தரையைப் பார்த்து இருக்கும், பாதிப் பேருக்கு முதுகுதான் அவர் பக்கம். அதனால் அவர்களுக்கு எல்லாமே அந்தக் குரல்தான்.

கயிற்றுக்காரருக்கும் எட்டாங்கைக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் இவன் ஈரக் கயிற்றின் மேல் கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டான். "கயிறு என்ன உங்க வீட்டு அடுப்பா?" என்று அவர் சட்டியை எட்டி உதைத்தார். கஞ்சியும் போயிற்று, சட்டியும் போயிற்று. அந்தச் சட்டி இவன் மனைவி வாங்கியது. அன்றோடு சரி.

ஆளுநரின் கப்பல் வரப்போகிறது, அதற்குள் சுவரின் முனை முடிந்திருக்க வேண்டும் என்று குத்தகைக்காரர் நேரே வந்து நின்ற நாளில்தான் அது நடந்தது. கயிற்றுக்காரர் உருவிக்கொண்டே வந்து பாதியில் நின்றார்.

"இங்க மெத்துன்னு இருக்கு. வேற கயிறு கொண்டாங்க."

"வேற கயிறு நாளைக்கு வரும். இந்த ஒரு கல்லுதானே, குரல் கொடுய்யா."

"கொடுக்க மாட்டேன்."

எட்டுப் பேரும் குனிந்தபடி மரத்தைப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டார்கள். பிறகு, "கையில கண்டேன்!" என்று ஒரு குரல் வந்தது. அது மெல்லிய குரல். தொண்டையில் வெற்றிலைச் சாறு இருக்கிற மாதிரியான குரல். குத்தகைக்காரரின் குரல்.

எட்டாங்கைக்குக் கால் ஒரு நொடி எழும்பி அப்படியே நின்றது. முதல் கை தள்ளினான். மூணாங்கை தள்ளினான். மரம் நகர்ந்து இவன் நெஞ்சில் இடித்தது. காலை முன்னால் வைத்துத் தள்ளினான்.

நாலாம் சுற்றில் கயிறு அறுந்தது. கீழே படகில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

அன்று சாயங்காலமே கயிற்றுக்காரரைக் கொண்டுபோய் அடைத்தார்கள். இரண்டு உயிர் போயிருக்கிறது, எட்டாம் நாள் விசாரணை என்றார்கள். மறுநாள் குத்தகைக்காரர் தொழிலாளிகளை ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டார். எட்டாங்கை போனபோது அவர் தாமே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருப்பா. சும்மா உட்காரு. மண்ணு ஒட்டினா ஒட்டட்டும்."

அவன் விளிம்பில் உட்கார்ந்தான். மேசைமேல் ஒரு காகிதம் இருந்தது. அதன் கீழ் ஏழு ரேகைகள் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் கணக்குப் புத்தகம், இருபத்தாறாம் பக்கம் திறந்தபடி.

"நீ படிப்பியாமே? படிச்சுப் பாரு. கயிற்றுக்காரன் குரல் கொடுத்தான், நாங்க தள்ளினோம். அவ்வளவுதான் எழுதியிருக்கு. ஏழு பேர் வச்சாச்சு."

அவன் மெதுவாகப் படித்தான். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"அவனுக்குப் பெண்டாட்டியா, பிள்ளையா? உள்ள போனா மூணு வேளை சோறு. உனக்கும் அவனுக்கும் ஆகவும் ஆகாது. உன்னை மாதிரி ஒருத்தன் எதுக்கு எண்பத்து மூணு வெள்ளியைச் சுமந்துகிட்டுத் திரியணும்? விசாரணை முடிஞ்ச அன்னிக்கே இந்த வரியை அடிச்சிடறேன். உன் வீட்டுக்காரிக்கும் ஆள் விட்டுச் சொல்லிட்டேன், வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம்னு."

"சொல்லிட்டீங்களா?"

"பின்னே? நல்ல சேதியை எதுக்கு வச்சுக்கிட்டு உட்காரணும்?"

"விசாரணையில நேர்ல சொல்றேங்க" என்று எழுந்து வந்துவிட்டான். ரேகை வைக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

ஐந்து நாள் கழித்து அவளுடைய கடிதம் வந்தது. குத்தகைக்காரரின் ஆளே கொண்டுவந்து கொடுத்தான். சின்னக் கடிதம். "வெள்ளிக்கிழமை போகலாம் என்று சொன்னார்கள். நம்பவில்லை, இரண்டு முறை கேட்டேன். துணியெல்லாம் துவைத்து மடித்து மூட்டை கட்டி விட்டேன். மூட்டையைத் தலைக்கு வைத்துத்தான் படுக்கிறேன். வீட்டில் சட்டி இல்லை என்று சொன்னீர்களே, வரும் வழியில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்."

அதை அவன் ஒரு பொழுது முழுக்கப் படித்தான். பிறகு வீட்டைக் கூட்டினான். பாயைத் தட்டி வெயிலில் போட்டான். பாயில் ஒரு பக்கம் தேய்ந்து நார் தெரிந்தது, மறுபக்கம் புதிது மாதிரி இருந்தது. நான்கு வருடமாக அவன் பாயின் நடுவைத் தாண்டிப் புரண்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கேலி செய்வான், "என்ன அண்ணே, நடுவுல எல்லைக்கல் நட்டு வச்சிருக்கியா?" என்று.

மூணாங்கை வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். அவனுக்கு எப்போதும் வாய் நிறையச் சிரிப்பு. அன்று இல்லை.

"அண்ணே, ரேகை வைக்கலையாமே?"

"இல்ல."

"உண்மையைச் சொல்லிப்புடலாம்னு இருக்கியா?"

இவன் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"சொல்லு. சொன்னா அதிகாரி அடுத்த கேள்வி என்ன கேப்பான் தெரியுமா? அந்தக் குரல் உனக்குத் தெரியும்ல, அப்புறம் எதுக்குடா தள்ளினேன்னு கேப்பான். உன்னை மட்டுமா? எட்டுப் பேரையும். எனக்கு ரெண்டு பொண்ணு அண்ணே."

"உனக்கும் தெரியும்ல, யார் குரல்னு?"

"தெரியாம என்ன? பதினோரு வருஷமாக் கேக்குற குரல்." மூணாங்கை தலையைக் குனிந்துகொண்டான். "தெரிஞ்சுதான் தள்ளினேன். அதை எதுக்கு இப்ப என் வாயால கேக்குற?"

அவன் போன பிறகும் எட்டாங்கை படியிலேயே இருந்தான். பொய் சொன்னால் அவள் வருவாள். மூட்டையோடு இந்தப் படியேறி வருவாள். சட்டியை அடுப்பில் வைப்பாள். அவன் வெளியே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்கலாம். இதைத் தவிர அவன் வேறெதையும் கேட்டதில்லை. கயிற்றுக்காரரின் மேல் அவனுக்குப் பாசம் ஏதும் கிடையாது. உள்ளே போனால் போகட்டும் என்றுகூட மனதில் ஒரு மூலை சொல்லிற்று. ஆனால் கண்ணை மூடினால் கால்தான் நினைவு வந்தது. ஒரு நொடி எழும்பி நின்ற கால். அது நின்றது அவனுக்குத் தெரியும். பிறகு அதை எடுத்து வைத்ததும் அவன்தான். அந்தக் காகிதத்தில் ரேகை வைத்தால் அந்தக் கால் நிற்கவே இல்லை என்று ஆகிவிடும். இன்னொருவன் சொல்லித்தான் வைத்தேன் என்று ஆகிவிடும். அவள் வந்து பக்கத்தில் படுத்த பிறகும் அந்தக் கால் பாயில் கிடக்குமே என்று தோன்றியது.

விசாரணை சுங்கச் சாவடிக் கூடத்தில் நடந்தது. அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். ஏழு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கயிற்றுக்காரர் மூலையில் கை கட்டப்பட்டு நின்றார். யாரையும் பார்க்கவில்லை. எட்டாங்கையின் முறை வந்தது.

"குரல் கொடுத்தது யார்?"

"குத்தகைக்காரருங்க."

கூடத்தில் நாற்காலி ஒன்று நகர்ந்தது. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உன் முதுகுதானே அந்தப் பக்கம் இருந்தது? எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷமா கயிற்றுக்காரர் குரலுக்குத்தான் கால் எடுத்து வைக்கிறேனுங்க. அது அவர் குரல் இல்ல."

"அவர் குரல் இல்லை என்று தெரிந்தும் ஏன் தள்ளினாய்?"

அவன் இதைத்தான் ஒரு வாரமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"தள்ளிட்டேனுங்க" என்றான். "முதல்ல நின்னேன். அப்புறம் தள்ளிட்டேன். அதுக்கு நான் யாரையும் காட்ட முடியாது."

அதிகாரி ஏழு பேரையும் திரும்பக் கூப்பிட்டார். மூணாங்கைதான் முதலில் அழுதான். பிறகு ஒவ்வொருவராக உண்மையை ஒப்புக்கொண்டார்கள். சாயங்காலம் தீர்ப்பு வந்தது. கயிற்றுக்காரருக்கு விடுதலை. குத்தகைக்காரர் இறந்தவர்களின் மனைவிகளுக்கு ஆளுக்கு இருநூறு வெள்ளி நஷ்டஈடு தர வேண்டும். தெரிந்தே தள்ளிய எட்டுப் பேருக்கும் தலைக்கு நான்கு வெள்ளி அபராதம். குத்தகைக்காரர் எட்டுப் பேரின் அபராதத்தையும் அங்கேயே எடுத்துக் கட்டினார். கட்டிவிட்டுக் கணக்குப் புத்தகத்தில் அவரவர் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

"எண்பத்தேழு வெள்ளி, நாலு காசு" என்றார் எட்டாங்கையிடம். சத்தம் போடவில்லை. "கணக்கு கணக்குதான். மாசாமாசம் ஒழுங்காக் கட்டு. வாசல் பக்கம் வர்றது, கடுதாசி, அதெல்லாம் காகிதத்துல எழுதல. என் இஷ்டத்துக்கு விட்டிருந்தேன். இனி வேணாம்."

வெளியே வந்தபோது கயிற்றுக்காரர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் இவனிடம் வாய் திறந்தார்.

"அந்த வெத்தலைக் குரல் உனக்கு என் குரல் மாதிரியா கேட்டுது?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குய்யா தள்ளின, நாசமாப் போறவனே!" என்று கத்தினார். கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து, வெறுங்கையால் முகத்தை உருவிக்கொண்டார். இவனும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். நன்றி என்று ஒரு பேச்சு இருவருக்கும் நடுவில் வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. அடுத்த வாரம் ஒரு வண்டிக்காரன், யாருக்கும் தெரியாமல் கொடுக்கச் சொன்னார்கள் என்று மடித்த காகிதம் ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனான். சமையல்காரியின் கையெழுத்து. ஒரே ஒரு வரி.

"மூட்டையைப் பிரித்து விட்டேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடிதமே இல்லை. சமையல்காரியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டான்.

அந்த ஒரு வரியை அவன் எத்தனை முறை படித்திருப்பான் என்று கணக்கில்லை. எழுத்தெல்லாம் புரிந்தது. அவள் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் அதில் எழுதியிருக்கவில்லை. கோபமாகச் சொன்னாளா? அழுதுகொண்டா? இனி வர மாட்டேன் என்கிறாளா, இல்லை, சரி, காத்திருக்கிறேன் என்கிறாளா? கடிதம் எழுதும் கிழவரிடம் ஒரு நாள் காட்டினான். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எழுதினதைத்தான் நான் படிப்பேன். எழுதாததைப் படிக்கிறவன் சந்தையில உட்காருவானா?" என்றார்.

உருளையில் அவனை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. நான்கு வெள்ளி போன வயிற்றெரிச்சல் ஏழு பேருக்கும். சுண்ணாம்புக் காளவாயில் கூடை தூக்கினான். அங்கே யாருக்கும் பெயர் சொல்லத் தேவைப்படவில்லை. ஆனாலும் மனதுக்குள் அவன் எட்டாங்கையாகவே இருந்தான். மாதம் ஒரு வெள்ளி. துறைமுக அறையில் குமாஸ்தாவிடம் கட்டுவான், அவர் எழுதுவதை எட்டிப் பார்த்துப் படிப்பான், வருவான். கண் எரியும். சுண்ணாம்பால் எரிகிறது என்பான். காற்று அவள் இருந்த திசையிலிருந்து வீசினால் கொஞ்சம் நின்று பார்ப்பான். ஒரு சட்டி வாங்கினான். அதில் எதுவும் சமைக்கவில்லை. துடைத்துக் கவிழ்த்து வைத்தான். மாதத்துக்கு ஒரு முறை திரும்பத் துடைத்தான்.

எண்பத்தேழு மாதம். ஏழு வருடம், மூன்று மாதம்.

கடைசி வெள்ளியையும் நான்கு காசையும் அவன் துறைமுகத்தில் கட்டவில்லை. துணியில் முடிந்துகொண்டு இரண்டு நாள் நடந்தான். குத்தகைக்காரர் படுக்கையில் கிடப்பதாகச் சொன்னார்கள். வெளி அறையில் கணக்குப்பிள்ளை அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாப்பிட்டுட்டு வரேன். அந்தத் தூணோரமா இரு."

இருந்தான். அப்போது பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் கோணிப்பை ஒன்று. தலை பாதி நரைத்திருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"சாப்பிட்டேன். நீ?"

இந்த முறை உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. வழி நெடுக அடுக்கி வைத்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கோணிப்பையைப் பார்த்தான்.

"மூட்டை கட்டலையா?"

"மூட்டைக்குத் துணி ஏது? அதைத்தான் கொடுத்துட்டேனே."

"யாருக்கு?"

"எழுதச் சொன்னேனே, வரலையா?" என்றாள். "படகுல செத்தவர்ல ஒருத்தரோட சம்சாரமும் இங்கதான் ஈட்டுக்கு இருந்தா. நீங்க சொன்ன சாட்சியில அவளுக்கு நஷ்டஈடு வந்து கடன் அடைஞ்சுது. போற அன்னிக்குத் துணிமணி கட்டிக்க அவகிட்ட ஒரு கந்தல்கூட இல்ல. நம்ம மூட்டைதான் சும்மா கிடந்துச்சே. மூட்டையைப் பிரிச்சுட்டேன், துணியை அவளுக்குக் கொடுத்துட்டேன், அப்படீன்னு சொன்னேன். முதல் வரி எழுதறதுக்குள்ள எஜமானியம்மா வந்துட்டாங்க, சமையல்காரி அப்படியே மடிச்சுட்டா."

அவன் தூணில் சாய்ந்துகொண்டான். ஏழு வருடம் கனத்த ஒரு வரி அது.

"அப்ப உனக்குக் கோவமில்லையா?"

"கோவமில்லைன்னு யார் சொன்னா?" அவள் குரல் சட்டென்று உயர்ந்தது. "அவ தெருமுனை திரும்பற வரைக்கும் பார்த்துக்கிட்டு நின்னேன். என் துணி போகுது, நான் நிக்கிறேன். எவ்வளவு கோவம் வந்துச்சு தெரியுமா? இன்னும் இருக்கு. வீட்டுக்கு வந்து நிதானமா வச்சுக்கறேன் உங்களை." பிறகு கோணிப்பையைக் கீழே வைத்தாள். "ஆனா அவ போறப்ப என் கையைப் பிடிச்சா. கையை இழுத்துக்காம என்னால நிக்க முடிஞ்சுது. அதையும் சொல்லணுமில்ல."

கணக்குப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வெள்ளியைச் சுண்டிப் பார்த்தார். காசை எண்ணினார். புத்தகத்தைப் புரட்டி, தொகையின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"தீர்ந்தது. போகலாம்."

எட்டாங்கை நகரவில்லை. குனிந்து, விரலை வைத்து வரி முழுவதையும் முதலிலிருந்து படித்தான். கோடு தொகையோடு நின்றிருந்தது. வரியின் கடைசியில் அந்த இரண்டு சொற்கள் அப்படியே இருந்தன.

"இதையும் அடிச்சிடுங்க."

"தொகையை அடிச்சாச்சுன்னா எல்லாம் அடிச்ச மாதிரிதான்யா."

"இருக்கட்டுங்க. அடிங்க."

அவளும் பக்கத்தில் வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

"இதுல எது நான்?" என்று கேட்டாள்.

அவன் காட்டினான். சுண்ணாம்பில் வெந்த அந்த விரலை அவள் ஒரு நிமிடம் பார்த்தாள், பிறகு அது காட்டிய இடத்தைப் பார்த்தாள். கணக்குப்பிள்ளை பெருமூச்சு விட்டு, பேனாவை மையில் தோய்த்து, விரலை எடு என்று சைகை காட்டினார்.

அவன் விரலை எடுத்தான்.